வேகன் ஆரா, டியாகோவா? ஒரு வீட்டின் கார் கணக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் மூன்று வாரமாக ஒரே பேச்சுதான். அத்தை மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில் முதல் கார் வாங்கும் யோகம் வந்திருக்கிறது. வாழப்பாடி பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். இத்தனை வருடமும் பஸ், பைக், சக ஆசிரியர் வண்டியில் பின்சீட்டு என்று காலம் ஓடிவிட்டது. இனிமேல் முதுகு தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். கையில் கொஞ்சம் பணம், மீதிக்குக் கடன். சின்ன வண்டி, பெட்ரோல் வண்டி என்பது வரை வீட்டில் ஒருமனதாக முடிந்தது. அதற்கப்புறம்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

மச்சானின் மாமனார் வேகன் ஆர் கட்சி. கல்லூரியில் படிக்கும் பையன் டியாகோ கட்சி. மச்சான் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் கட்சி. "மாப்ளே, நீ பத்திரிகையில எழுதறவன்தானே, ரெண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்லு" என்று என்னை இழுத்துவிட்டார். பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் ஒரு லிட்டர் இன்ஜின் வேகன் ஆர் வைத்திருக்கிறான். அடுத்த தெருக்காரர் டியாகோ வைத்திருக்கிறார். இரண்டு பேரும் சாவியைக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நல்லா கொடுக்கும் சார்."

எது கொடுக்கும், எதைக் கொடுக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் காருக்கு அருகே இருவர் நின்றால் முதல் கேள்வியே "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். கறவை மாட்டைப் பற்றிக் கேட்கிற அதே கேள்வி.

பிறந்த கதை

வேகன் ஆர் 1993-ல் ஜப்பானில் பிறந்த வண்டி. நீள அகலத்துக்கும் இன்ஜின் அளவுக்கும் அங்கே சட்டமே வரம்பு கட்டியிருக்கும் குட்டிக் கார் வகையில், சுஸுகிக்காரர்கள் பக்கவாட்டில் விரிய முடியாததால் மேலே எழுப்பினார்கள். தொப்பி போட்டவர் தொப்பியோடு உட்காரலாம். இந்தியாவுக்கு அது மாருதி வழியாக 1999 டிசம்பரில் வந்தது. அதற்கு முந்தைய வருடமே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ அதே உயரமான உடம்போடு புறப்பட்டுவிட்டது. 'என்னய்யா இது, தலையில் பெட்டி வைத்த மாதிரி' என்று முதலில் சிரித்த ஊர், இரண்டு வருடத்தில் வரிசையில் நின்று வாங்கியது. சான்ட்ரோ இன்று இல்லை. வேகன் ஆர் இருக்கிறது. 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் தலைமுறை, 2021-22 தொடங்கி நான்கு நிதியாண்டுகள் தொடர்ச்சியாக நாட்டிலேயே அதிகம் விற்ற கார்.

டியாகோவின் கதை வேறு. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து 2008-ல் கிளம்பிய டாடா, நானோ காருக்காகக் குஜராத்தின் சாணந்தில் தொழிற்சாலை போட்டது. ஒரு லட்ச ரூபாய் கார் என்ற பெயரே நானோவுக்கு வினையாகப் போனது. 'சீப்பான கார்' என்று சொல்லிக்கொண்டு தெருவில் இறங்க யாருக்கும் விருப்பமில்லை. அதே சாணந்தில்தான் டியாகோ உருவானது. முதலில் வைத்த பெயர் ஸிகா. விற்பனைக்கு வரும் சமயம் பார்த்து ஸிகா வைரஸ் உலகமெங்கும் தலைப்புச் செய்தியானதால், அவசர அவசரமாகப் பெயரை மாற்றி 2016 ஏப்ரலில் இறக்கினார்கள். 'சீப்' என்ற பேரைக் கழுவுவதற்காகவோ என்னவோ, கையில் படுகிற இடமெல்லாம் கொஞ்சம் கனமாகவே செய்திருக்கிறார்கள்.

இந்தக் கனம்தான் எல்லா வாக்குவாதத்துக்கும் வேர். இரண்டு வண்டிக்கும் நூறு கிலோவுக்கு மேல் எடை வித்தியாசம். வேகன் ஆரின் ஒரு லிட்டர் மாடல் இலேசு, அதனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது. டியாகோ கனம், அதனால் கூடக் குடிக்கிறது. இலேசு நல்லதா, கனம் நல்லதா என்பது எந்த ரோட்டில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

லிட்டர் கணக்கு

கம்பெனி சொல்லும் கணக்கில் ஒரு லிட்டர் வேகன் ஆர், கையால் கியர் போடும் மாடல், 24.35 கிலோமீட்டர். டியாகோ 20-ஐ ஒட்டி. இந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் ரோட்டில் எடுத்தவையும் இல்லை. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்து, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் ஓர் அட்டவணைப்படி சக்கரத்தைச் சுழலவிட்டு எடுப்பவை. அந்த அட்டவணையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஐந்து ரோடு சந்திப்பில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிக்கொள்வது அதில் கிடையாது. போதாக்குறைக்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே எந்த வண்டியானாலும் அட்டையில் போட்டதைத் தொடாது. நான் ஓட்டிய இரண்டும் தொடவில்லை.

போகட்டும், கம்பெனி எண்ணையே வைத்துக்கொள்வோம். கடைக்கும் கோயிலுக்கும் மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவருக்கு இந்த இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் மூன்று லிட்டருக்கும் கீழே. ஒரு குடும்பம் டிபன் சாப்பிடுகிற காசுகூட இல்லை. அதற்காகவா மூன்று வாரம் சண்டை?

மச்சானுக்கு அப்படி இல்லை. வாழப்பாடி போய்வர ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,500. வருடத்துக்கு 18,000. வேகன் ஆருக்கு 739 லிட்டர், டியாகோவுக்கு 900. வித்தியாசம் 161 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் வருடம் 16,000 ரூபாய்க்கு மேல், மாதம் 1,350 சொச்சம். ஆசிரியர் வீட்டில் இது பால் கணக்கு. மாமனார் சும்மா சொல்லவில்லை.

இங்கேதான் ஒரு முரண் இருக்கிறது, அதை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. மைலேஜால் அதிகம் மிச்சம் பிடிக்கிற ஆள் யார்? தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர். தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர் எங்கே இருப்பார்? நெடுஞ்சாலையில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். அதாவது இலேசான வண்டியால் யாருக்கு அதிக லாபமோ, அவரேதான் கனமான கூடு அதிகம் தேவைப்படுகிறவரும். டவுனுக்குள் மட்டும் சுற்றுகிறவருக்கு மைலேஜாலும் பெரிதாக மிச்சமில்லை, ஆபத்தும் குறைச்சல். அவர் எதை வாங்கினாலும் ஒன்றுதான், பார்க்கிங் கிடைத்தால் போதும்.

சாய்ந்து போவதும் உட்கார்ந்து போவதும்

இரண்டையும் ஏற்காட்டுக்கு ஓட்டிப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு, நான்கு பேர், ஏசி. இதைவிட நேர்மையான பரிசோதனைக்கூடம் சேலத்துக்காரனுக்குக் கிடையாது.

ஒரு லிட்டர் வேகன் ஆரில் 998 சிசி, மூன்று சிலிண்டர், 67 பிஎஸ் சக்தி, 89 நியூட்டன் மீட்டர் இழுவை. டவுனில் இது தாராளம். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி, கிளட்ச் இருக்கிற இடமே தெரியாது, செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் எதிரே மினி லாரி வந்தாலும் ஒடுங்கி வழிவிடலாம். அகலமே 1,620 மில்லிமீட்டர்தான். மலை ஏற ஆரம்பித்ததும்தான் பேச்சு மாறியது. வளைவில் இரண்டாவது கியரில் மூச்சு வாங்குகிறது. முதல் கியருக்கு இறக்கினால் இரைகிறது. கடைசியில் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிட்டோம். ஏற்காட்டுக் காற்றுக்கு அது நஷ்டமில்லை. ஆனால் 1,675 மில்லிமீட்டர் உயரமான உடம்பு வளைவில் சாய்கிறபோது பின்சீட்டில் இருந்த பெரியவர் கைப்பிடியைப் பிடித்தவர், மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை.

டியாகோவில் 1,199 சிசி, அதுவும் மூன்று சிலிண்டர், 86 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர். ஸ்டார்ட் செய்து நிற்கும்போது சீட்டில் ஒரு நடுக்கம் தெரிகிறது. மூன்று சிலிண்டர் இன்ஜினின் சுபாவம் அது. நான்கு சிலிண்டரில் இன்ஜின் தண்டு அரைச்சுற்று சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு வந்துவிடும்; மூன்றில் அதைவிடக் கூடுதலாகச் சுற்றிய பிறகுதான் வரும். இடைவெளி நீள்வதால் துடிப்பு உடம்புக்குத் தெரிகிறது. தையல் மெஷினுக்கும் மிதிவண்டிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட ஆரம்பித்தால் மறந்துவிடும். வளைவுகளில் டியாகோ சாயவில்லை. பட்டறைக்காரர்கள் சொல்வார்களே, 'ரோட்டில் உட்கார்ந்து போகுது' என்று, அதேதான். இறங்கும்போது பின்சீட்டில் பெரியவர் தூங்கிவிட்டார். அது பாராட்டா, களைப்பா என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வேகன் ஆரில் 1.2 லிட்டர் மாடலும் உண்டு. நான்கு சிலிண்டர், 90 பிஎஸ், டியாகோவுக்குச் சமமான 113 நியூட்டன் மீட்டர் இழுவை, அதைவிட இலேசான உடம்பு. மலையில் மூச்சு வாங்காது, நடுக்கமும் கிடையாது. கம்பெனிக் கணக்கில் மைலேஜும் ஒரு லிட்டருக்கு 23.56, சின்ன இன்ஜினைவிட ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. வேகன் ஆர்தான் என்று முடிவெடுத்தவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு இதை வாங்கலாம் என்பது என் கருத்து. ஷோரூமில் நீங்களாகக் கேட்டால்தான் இந்தப் பேச்சே வரும்.

கியர் தானாக மாறும் ஏஎம்டி இரண்டிலும் கிடைக்கிறது. கிளட்சை மிதிக்க வேண்டாம் என்பதைத் தவிர அதில் வேறு மாயமில்லை. நாம் காலால் செய்வதை ஒரு சின்ன இயந்திரம் செய்கிறது, நம்மைவிடக் கொஞ்சம் யோசித்துச் செய்கிறது. முழங்கால் வலிக்காரர் டவுனில் ஓட்டுவதற்கு வரம். சைடு வாங்கும் அவசரத்தில் அந்த அரை நொடி யோசனை சிலருக்குப் பிடிக்காது. மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

அத்தையின் முழங்கால்

மூன்று வாரப் பேச்சில் யாரும் கேட்காத ஒருவர் அத்தை. எழுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மாதத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. இரண்டு வண்டியையும் வாசலில் நிறுத்தி, "அத்தை, ஏறி உட்கார்ந்து பாருங்க" என்றேன்.

வேகன் ஆரில் அவர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கவாட்டில் நகர்ந்தார், அவ்வளவுதான். சீட் அவர் இடுப்புக்கு நேராக இருந்தது. தலை குனியவில்லை, முழங்கால் மடியவில்லை. "கட்டில்ல உட்கார்ற மாதிரி இருக்கு கண்ணு" என்றார். டியாகோவில் கதவுச் சட்டத்தைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, உடம்பை இறக்கி, கடைசி நான்கு விரற்கடையில் தொப்பென்று விழுந்தார். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். உயரம் 1,535 மில்லிமீட்டர்; வேகன் ஆரைவிட 14 சென்டிமீட்டர் கம்மி. அட்டவணையில் அது ஒரு எண். அத்தைக்கு அது ஒரு மாடிப்படி.

டிக்கியிலும் வேகன் ஆர்தான் பெரிது. 341 லிட்டர், டியாகோவில் 242. நெட்டுக்குத்தாக அடுக்கலாம் என்பதால் மாம்பழக் கூடையோ, கல்யாணச் சீர் வரிசைத் தட்டோ, சக்கர நாற்காலியோ நிம்மதியாகப் போகும். பின்சீட்டில் மூன்று பேர் தோளோடு தோள் உட்கார டியாகோ ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதல் அகலம். ஆனால் மூன்றாவது ஆள் எந்தச் சின்னக் காரிலும் மூன்றாவது ஆள்தான்.

கதவுச் சத்தமும் கூட்டின் பலமும்

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் செய்யும் முதல் காரியம் கதவைச் சாத்திப் பார்ப்பது. 'டப்' என்று அடங்கினால் பலம், 'டங்' என்று ஒலித்தால் தகரம். அடுத்தது பானெட்டில் விரலால் தட்டுவது. மாமனார் இதைத் தேங்காய் வாங்குகிற நேர்த்தியோடு செய்தார். டியாகோவின் கதவு 'டப்'. வேகன் ஆரின் கதவு அவ்வளவு அடங்கவில்லை. பையன் ஜெயித்த மாதிரி பார்த்தான்.

ஆனால் கதவுச் சத்தத்துக்கும் உயிருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ரப்பர் பட்டையும் உள்பக்கம் ஒட்டும் திண்டும் கொஞ்சம் கூடினாலே சத்தம் அடங்கிவிடும். மோதலில் காப்பது வெளித்தகடு அல்ல, உள்ளே இருக்கும் எலும்புக்கூடு. முன்பக்கம் நசுங்க வேண்டும், நாம் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது, இதுதான் சூத்திரம். 'அந்தக் காலத்து அம்பாசிடர் மாதிரி வருமா' என்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். வண்டி நசுங்காவிட்டால் அந்த அதிர்ச்சி முழுக்க உள்ளே இருக்கும் நெஞ்சுக்குத்தான் வரும்.

குளோபல் என்கேப் என்ற அமைப்பு காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் பக்க மூக்கின் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் இடிக்கும்படி விட்டுச் சோதிக்கிறது. எதிரே வரும் வண்டி அரைகுறையாக விலகி மோதுகிற நம் ஊர் விபத்தைப் போன்ற சோதனை. டியாகோ 2020 ஜனவரியில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரமும் குழந்தைகளுக்கு மூன்றும் வாங்கியது. வேகன் ஆர் 2019-ல் இரண்டு. 2023-ல் மறுபடி சோதித்தபோது பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூஜ்யம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒப்பீடுகள் நான்கையும் ஒன்றையும் பக்கத்தில் வைத்து மாருதியைத் திட்டுகின்றன. அது சரியான ஒப்பீடு இல்லை. 2022-ல் சோதனை விதிகளையே கடுமையாக்கிவிட்டார்கள். பழைய விதியில் வாங்கிய நான்கை, புதிய விதியில் வாங்கிய ஒன்றோடு நிறுத்துவது, பழைய பாடத்திட்டத்தில் எழுதிய மார்க்கைப் புதியதோடு ஒப்பிடுவது மாதிரி. இதை ஆசிரியரான மச்சானுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே விதியில் பார்த்தால் நான்குக்கு இரண்டு. வித்தியாசம் சுருங்குகிறது, மறையவில்லை. டியாகோவும் இன்றைய விதிப்படி அதே நான்கை வாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

2025-ல் வேகன் ஆரின் எல்லா மாடலுக்கும் ஆறு காற்றுப்பைகள் வந்துவிட்டன. அடிப்படை டியாகோவில் முன்பக்கம் இரண்டுதான். மாமனார் இதைப் பிடித்துக்கொண்டார். "ஆறு பெரிசா ரெண்டு பெரிசா?" ஆறுதான் பெரிது, பக்கவாட்டில் இடித்தால் அந்தப் பைகள் தலையைக் காக்கும். ஆனால் பை என்பது கூட்டுக்குத் துணை. கூடு நசுங்கி ஸ்டியரிங் நெஞ்சுக்கு வந்தபிறகு பைக்கு விரிய இடமில்லை. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நல்ல கூட்டில் இரண்டு பையைத்தான் எடுப்பேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்களின் வாதத்திலும் சாரம் இருக்கிறது.

பெல்ட் போடாவிட்டால் இந்த வாதமே வீண். இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் பை, பெல்ட் போடாமல் முன்னால் பாய்ந்து வரும் முகத்தைத் தாங்காது, அறையும். முன்சீட்டில் பேரனை மடியில் வைத்துக்கொள்ளும் தாத்தாக்களுக்கு இதைச் சொன்னால் "நான் பிடிச்சுக்குவேன்" என்பார்கள். மணிக்கு ஐம்பதில் போகும் வண்டி சட்டென்று நின்றால் பத்துக் கிலோக் குழந்தையை எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. அப்புறம், புது வண்டி வந்ததும் முன்னால் எவர்சில்வர் குழாயில் பம்பர் கார்டு மாட்டுகிற பழக்கம். நசுங்க வேண்டிய இடத்தை நசுங்கவிடாமல் செய்வதோடு காற்றுப்பை விரியும் கணக்கையும் அது குழப்பும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்தாயிற்று. மாட்டிக் கொடுக்க ஆள் இன்னும் தெருத்தெருவாக இருக்கிறார்கள்.

கைக்கு வரும் விலை

2025 செப்டம்பர் 22-ல் சின்னப் பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. மேலே போட்டிருந்த ஒரு சதவீதத் தீர்வையும் போனது. அப்போது இரண்டு வண்டிகளின் தொடக்க விலையும் ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கியது. டியாகோ இன்னும் கொஞ்சம் கீழே. ஆனால் அந்த விலையில் யாரும் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்ததில்லை. தமிழ்நாட்டில் ஆயுள்வரி ஐந்து லட்சத்துக்குள் 12 சதவீதம், அதைத் தாண்டினால் பத்து லட்சம் வரை 13 சதவீதம். பாட்டு, கேமரா, அலாய் சக்கரம் என்று ஒரு படி மேலே போனால் வரியும் ஒரு படி ஏறும்.

இன்னொன்று கவனிக்க வேண்டியது. புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி 1,000 சிசி வரை 6,521 ரூபாய். அதைத் தாண்டினால் 10,640. ஒரு லிட்டர் வேகன் ஆர் 998 சிசி என்பதால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. இரண்டே சிசியில் நாலாயிரம் ரூபாய் மிச்சம்.

கடன் விஷயத்தில்தான் மச்சானைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டருக்காக மூன்று வாரம் சண்டை போட்டவர், "ஏழு வருஷமாப் போட்டுக்கலாம் சார், மாசம் கம்மியா வரும்" என்று ஷோரூம் பையன் சொன்னதும் தலையாட்டிவிட்டார். ஐந்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வையுங்கள். ஐந்து வருடம் போட்டால் மாதத் தவணை சுமார் 10,380, மொத்த வட்டி 1,22,000 சொச்சம். ஏழு வருடம் போட்டால் தவணை 8,045, வட்டி 1,75,000 சொச்சம். வித்தியாசம் 53,000 ரூபாய். மச்சான் ஓட்டத்துக்கே அது மூன்று வருட மைலேஜ் மிச்சம், ஒரு தலையாட்டலில் போய்விடும்.

விற்கிற அன்று வேகன் ஆருக்குத்தான் கை ஓங்கும். பழைய கார் புரோக்கர் ஒருவர், "வேகன் ஆர்னா வண்டியைப் பார்க்கவே வேணாம்ணே, ஆர்சி புக்கைக் காட்டினாப் போதும்" என்றார். மிகைதான், ஆனாலும் வியாபாரி பேச்சில் பாதி உண்மை. மாருதிக்கு நாடு முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சர்வீஸ் இடங்கள். ஆத்தூரில் நின்றாலும் அரூரில் நின்றாலும் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் உண்டு. சர்வீஸ் பற்றி மட்டும் என் அனுபவத்தில் ஒன்று: பிராண்டைவிடக் கிளைதான் முக்கியம். எந்த கம்பெனி என்று சொல்ல மாட்டேன், ஒரே கம்பெனியின் இரண்டு கிளைகளில் ஒன்றில் என் பழைய வண்டிக்கு ஆறாயிரம் ரூபாய் செலவு சொன்னார்கள், இன்னொன்றில் ஒரு திருகாணியை முடுக்கி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டர் வாசலில் அரை மணி நேரம் நின்று, வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.

காலண்டர் தாள்

முடிவைத் தொடங்கி வைத்தது மச்சானின் மனைவி. எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது, கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், "அண்ணா, இதைப் பாருங்க" என்று நீட்டினார். ஒரு மாதத்தில் காரில் யார், எத்தனை நாள் உட்காருவார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். மச்சான் தனியாக, வாழப்பாடி ரோட்டில், 25 நாள். அத்தை, டவுனுக்குள் ஆஸ்பத்திரிக்கு, இரண்டு நாள். எல்லோரும் சேர்ந்து கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ, ஒரு நாள். மாமனார், தீபாவளிக்கு.

அந்தத் தாளைப் பார்த்ததும் திண்ணையில் சத்தம் குறைந்தது. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் அந்தச் சாலை, ஊர்களைச் சுற்றிப் போகும் இடங்களில் இருவழியாகச் சுருங்கிக் கிடந்து எத்தனை பேரைத் தின்றது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். என் கருத்தையும் அப்போதுதான் சொன்னேன்: இந்த வீட்டுக்கு டியாகோ. மாதம் 1,350 ரூபாய் கூடச் செலவாகும். கடனை ஐந்து வருடத்தில் அடைத்தால் அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். இதே தாளில் அத்தைக்கு இருபது நாள், மச்சானுக்கு ஐந்து நாள் என்று இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வேகன் ஆர், அதுவும் 1.2 என்று சொல்லியிருப்பேன்.

மாமனார் எழுந்துபோய் வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். "வித்தா கால் காசு தேறாது" என்றார், யாரையும் பார்க்காமல். அத்தைதான் பேசினார். "எனக்கு மாசத்துல ரெண்டு தடவை. அவன் தினம் போறான். ஒரு தலகாணி போட்டா நான் உட்கார்ந்துக்குவேன்."

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. வெள்ளை நிறம், கையால் கியர் போடும் மாடல், இடைப்பட்ட விலையில். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சை. பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி அத்தை முதலில் வண்டிக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, தலையணை மேல் மெதுவாக உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொண்டார். பேரன் கதவின் 'டப்' சத்தத்தை எல்லோருக்கும் கேட்கவைக்கும் ஆவலில் கையை ஓங்கினான்.

"மெதுவாச் சாத்துடா," என்றார் அத்தை, "சேலை வெளியில கிடக்கு."